குணமாகாதவர்களின் ஞாயிறு

ஜூன் 11, புதன்

பாஸ்டர் ஐயா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை 'குறைவில்லாத நிறைவு' சிறப்புக் கூட்டமாம். பேனர் கட்டியாகிவிட்டது. மண்ணூர்பேட்டையில் டயர் கடைக்கு மேலே, தகரக் கூரைக்கு அடியில், இந்த வெயிலில் நிறைவு. ஃபேனுக்கு மட்டும்தான் குறைவு.

இளங்கோவைக் கட்டாயம் அழைத்து வர வேண்டுமாம். போன வருஷம் வாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்ட என் வீட்டுக்காரர் இன்னும் எழுந்து நடக்காததற்கு என் விசுவாசத்தில் இருக்கும் ஓட்டைதான் காரணமாம். கம்பெனியில் நாள் முழுக்கச் சட்டைகளில் ஓட்டை தேடுவதுதான் என் வேலை. என்னிடம் இருப்பதை எப்படித் தவறவிட்டேன்?

ஜூன் 14, சனி

இளங்கோ வருகிறாராம். "உனுக்காக வரேன் வதனி. உன் சாமிக்காக இல்ல."

பிசியோ சொல்லிக் கொடுத்தபடி, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். ஒரு மாதமாகவே நிற்கிறார். நடப்பதற்கு ஆள் வேண்டும்.

எனக்கு என்ன வேண்டும்? கால் சரியாக வேண்டும்தான். ஆனால் ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து இந்த வீட்டில் தனியாகவே மண்டியிடுகிறேன். ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினால் போதும். இது ஆண்டவருக்குத் தெரியும். பாஸ்டரிடம் சொன்னால் பேனர் அடித்துவிடுவார்.

ஜூன் 15, ஞாயிறு

பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. கோபத்தில்தான்.

கீபோர்டு, ஆவி வந்தவர்கள் பேசும் அந்நிய பாஷை, அழுகை, எல்லாம் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போனது. "எழுந்திரு" என்று பாஸ்டர் மைக்கில் கத்துகிறார். சரியாக அப்போது இளங்கோவுக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. நான் பெண்கள் பக்கம், அவர் ஆண்கள் பக்கம். முன் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். கழிப்பறைக்குப் போக. அவ்வளவுதான்.

சபையே அலறியது. அல்லேலூயா என்று எல்லாரும் கையை மேலே தூக்கினார்கள். அந்த மனுஷனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை கிடைக்கவில்லை. அவர் திரும்பித் திரும்பி என்னைத் தேடுகிறார். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு நான் போய்ச் சேர்வதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. பாஸ்டரின் மச்சான் ஜெகதீஷ் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் இளங்கோ நனைந்த வேட்டியைத் துண்டால் மூடிக்கொண்டார். வீட்டில் வேட்டி மாற்றும்போதுதான் வாயைத் திறந்தார். "இன்னா சாமி வதனி உன்னோடது. ஒண்ணுக்குப் போக எய்ந்தவன, நான்தான் எய்ப்பினேன்னு பேர் வாங்கிக்கினு கீது."

வேட்டியை வாளியில் ஊற வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

சபையின் வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்துவிட்டது. 'பக்கவாதம் பறந்தது!' பின்னால் நெருப்பு, ஓரத்தில் புறா. படத்தை இடுப்போடு வெட்டியிருக்கிறார்கள். ஜெகதீஷுக்கும் கொஞ்சம் இங்கிதம் இருக்கிறது.

வெள்ளானூரிலிருந்து இளங்கோவின் தம்பி போன் செய்தார். அண்ணன் நடக்கிறாராமே, ஆடி மாதம் கூழ் ஊற்ற வரட்டுமே என்றார். இளங்கோ போனை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 19, வியாழன்

பாஸ்டரிடம் போய் நடந்ததைச் சொல்லி, வீடியோவை நீக்கிவிடச் சொன்னேன். பாஸ்டர் கண்ணை மூடி யோசித்தார். "எதுக்கு எழுந்தார்ங்கறது முக்கியமில்ல சிஸ்டர். எழுந்தாரா இல்லையா?"

எழுந்தார்தான். அதுதான் எரிச்சல்.

வீடியோவை நீக்கினால் பலருடைய விசுவாசம் ஆடிப்போகுமாம். வரும் ஞாயிறு நானே சாட்சி சொல்ல வேண்டுமாம். எங்கள் சபையில் சாட்சிக்கு ஒரு முறை உண்டு. முதலில் டாக்டர் கைவிட வேண்டும், நடுவில் நாம் அழ வேண்டும், கடைசியில் குணமாக வேண்டும். டாக்டர் நல்லவராக இருந்துவிட்டால் சாட்சியே எடுபடாது.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் குணமாகவில்லை என்றேன். பாத்ரூம் போக எழுந்தார், இங்கே ஒருத்தரும் கை கொடுக்கவில்லை, அது அவருக்கு அவமானம், ஆண்டவருக்கும் அவமானம் என்றேன். அந்த இடத்தில் மைக் செத்தது. நான் இன்னும் விசுவாசிக்கிறேன் என்று சொன்னது முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். கீபோர்டு தொடங்கிவிட்டது.

எனக்குள் இருக்கும் விமரிசன ஆவி வெளியேற எல்லாரும் ஜெபித்தார்கள். ஆவி வெளியேறவில்லை. நான் வெளியேறினேன்.

ஜூன் 25, புதன்

வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். வீடியோவை நீக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

போவதற்குச் சபை இல்லை. அலமாரி பக்கத்தில் மண்டியிட்டேன். உள்ளே காலியாக இருக்கும் என்று பயந்துகொண்டேதான் கண்ணை மூடினேன். மைக், கீபோர்டு, பக்கத்து சிஸ்டரின் அழுகை — இதெல்லாம் போனால் மிச்சம் என்ன இருக்கும்?

இருந்தார். ஆண்டவர் பேனர் இல்லாமலே இருந்தார். நெஞ்சு நிறைந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 2, புதன்

சொர்ணம் வந்தாள். தனக்குச் சர்க்கரை வியாதி தீர்ந்துவிட்டது என்று சபையையே அழ வைத்தவள். டீயில் சர்க்கரை வேண்டாம் என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கொறயவே இல்லக்கா. அன்னிக்கி எல்லாரும் பாத்துகினு இருந்தாங்க, சொல்லிட்டேன். இப்ப மாத்திரய ஒளிச்சி வெச்சி முழுங்கறேன். இத யாராண்ட போய் சொல்லுவேன்?"

அழுதாள். இந்தத் தடவை நிஜ அழுகை. சேர்ந்து ஜெபித்தோம். இளங்கோ உள்ளே டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

ஜூலை 13, ஞாயிறு

சொர்ணம் வேம்புலியைக் கூட்டி வந்தாள். இடுப்பு வலி போய்விட்டது என்று சபையில் குதித்துக் காட்டியவர். குதித்ததில் வலி இரண்டு மடங்காகிவிட்டதாம். இன்னும் இருவர் வருவார்களாம். எங்கள் சபையில் குணமானவர்களைத் தேடினால் பாஸ்டர் ஒருவர்தான் மிஞ்சுவார் போல.

ஜெபம் தொடங்கும்முன், பாத்ரூம் போகிறவர்கள் இப்போதே போய் வந்துவிடலாம் என்று இளங்கோ கட்டிலிலிருந்தே அறிவித்தார். வேம்புலி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். இவர் வேடிக்கை பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஹாலில் இடம் போதவில்லை. முட்டி, சர்க்கரை, தைராய்டு, குடிகாரப் பிள்ளை — ஒன்றும் தீரவில்லை, ஒருவரும் வராமலும் இல்லை. பேசி, பாடி, ஜெபித்து முடிக்கப்போகும்போது இளங்கோ சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார். வேம்புலி எழுந்து போய்க் கை கொடுத்தார். இளங்கோ என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன்.

"ஆண்டவரே, நான் இளங்கோ பேசறேன். காலு அப்டியேதான் கீது. அத்த நாம அப்பால பேசிக்கலாம். இந்த சொர்ணத்துக்கு சுகர் கொறயணும், பாத்துக்க."

ஆமென் சொல்ல மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொர்ணம்தான் சொன்னாள்.