திறந்து பார்த்த காப்புப் பை

மொன்றியல்,
செவ்வாய்க்கிழமை.

என் அன்பு மகன் பிரணவனுக்கு,

நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று முருகனை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன், நாங்களும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. அப்பாவோடு இருக்கிற கோபத்தை விட்டுப்போட்டு அவரோடு கதை என்று நான் சொன்ன நாளிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை, அதனால்தான் இதை எழுதி மேல்வீட்டு நிருஷாவிடம் கொடுக்கிறேன், அவள் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு, வெள்ளிக்கிழமை ஒப்பரேஷன் செய்யாவிட்டால் தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இந்த மனுசனோ மறுபடியும் மாட்டேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

நீ ஜப்பானில் ஹச்சிமான் கோயிலில் வாங்கி அனுப்பிய சிவப்புக் காப்புப் பை வந்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஹச்சிமான் வில்லெடுத்த போர்க்கடவுள், அந்தக் காலத்துச் சாமுராய்கள் அவரைக் கும்பிட்டுத்தான் சண்டைக்குப் போவார்கள், இப்போது பிள்ளைப்பேற்றுக்கும் பரீட்சைக்கும் கெட்ட வருடம் கழியவும் சனம் அங்கேதான் போகிறது என்று நீ சொல்லியிருந்தாய். நம்முடைய வேலன் மாதிரித்தானே என்று நினைத்தேன், கோயிலில் இருந்து வந்த பையில் திருநீறு இல்லாமலா இருக்கும் என்று நூலை அவிழ்த்துப் பார்த்தேனடா. எழுத்து எழுதிய மெல்லிய பலகைத் துண்டு ஒன்றுதான் இருந்தது. திரும்பக் கட்டி அப்பாவின் கையில் கொடுத்தேன். அவன் எனக்கெண்டோ அனுப்பினவன் என்று கேட்டார், ஓம், உங்களுக்குத்தான் என்றேன். பொத்திய கையை அவர் விரிக்கவே இல்லை. அடுத்த நாள் தானாகவே ஒப்பரேஷனுக்குச் சம்மதித்தார்.

நேற்று நிருஷா ஆஸ்பத்திரிக்கு வந்தாள், ஜப்பானில் படித்துவிட்டு வந்த பிள்ளை, முடிச்சைப் பார்த்ததுமே, அன்ரி இதைத் திறந்தனீங்களோ, திறந்தால் சாமி போயிடும் எண்டெல்லோ அங்க சொல்லுவினம் என்று அவர் காதுபடக் கேட்டுவிட்டாள். பழையதைக் கோயிலில் கொடுத்தால் எரித்துவிடுவார்கள், புதியது வாங்கலாம் என்று அவள் பிறகு சொன்னது அவர் காதில் ஏறவில்லை. மகன் தந்ததையும் கெடுத்துப்போட்டாய், இனி என்னை விடு என்கிறார். நான் என்ன செய்வேன் ராசா, எனக்கு வேறு யார் இருக்கிறார்கள். மெட்ரோவில் வெட்கம் இல்லாமல் அழுதுகொண்டு வந்தேன், பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி டிஷ்யூ தந்தாள்.

புதிய காப்பு வாங்கி அனுப்ப இனி நாள் இல்லை. நீ போனை எடுத்து அவரோடு கதை. கோபம் இருந்தால் இருக்கட்டும், ஒப்பரேஷன் முடிந்த பிறகு இரண்டு பேரும் ஆசை தீரச் சண்டை பிடியுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். இங்கே இரவா பகலா என்று பார்க்காதே. சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான்.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். அந்தப் பையை நீ என் முழங்கால் வலிக்கென்றுதான் அனுப்பினாய். அப்பாவுக்கென்று சொன்னது நான். அவர் உன்னிடம் கேட்டால் ஓம் என்று சொல்லு.

உன் அம்மா
கமலினி