வீல் கப்பில் தெரிந்த அப்பா

சாலோ சுரங்கக் குடியிருப்பு,
வட மிச்சிகன்.
1988 பிப்ரவரி 14

அன்புத் தம்பி ரெய்னோவுக்கு அக்கா ஹெல்மி எழுதுவது.

நான் இருக்கிறேன். நீயும் மார்லாவும் சுகம்தானே? நீ அனுப்பின பூ வந்தது. வந்து சேருவதற்குள் குளிரில் கறுத்துவிட்டது. ஆனாலும் தேவாலயத்தில் அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் அதைத்தான் வைத்தேன். போனில் எனக்குப் பேச வராது. நீயும் "சரி, சரி" என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நிறுத்தினவள் எழுத்து, பிழை இருந்தால் சிரிக்காதே.

அப்பாவை இன்னும் புதைக்கவில்லை. உனக்கு மறந்திருக்கும். நம் ஊரில் ஜனவரியில் செத்தவர்களுக்கு மே மாதம்தான் மண். பூமி இரும்பாக இறுகிக் கிடக்கிறது. கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில் பெட்டியை வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. குழி வெட்டுகிற ஆர்விட்டிடம் போய்க் கேட்டேன். அவன் சொல்கிறான், "என்ன அவசரம் ஹெல்மி? உங்கப்பன் ஆயுசு பூரா பூமிக்கு அடியிலதான கெடந்தான். நாலு மாசம் மேல இருந்துட்டுப் போகட்டுமே." சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

சாவுக்கு நீ வரவில்லை. பனிப்புயல், ரோடு இல்லை, விமானம் இல்லை. யாரும் குறை சொல்லவில்லை. மண்ணுக்காவது வந்துவிடு. கடைசி வாரத்தில் அப்பா சூப்பை வாயில் வாங்கிக்கொண்டே, "மொத மண்ண ரெய்னோ போடட்டும்" என்றார். வேறு எதையும் இப்படிக் கேட்டவர் இல்லை.

இன்னொன்று. அவருடைய துணிகளைத் தேவாலயத்துக்குக் கொடுக்க எடுத்தேன். வேட்டைக் கோட்டின் உள்பையில் ஒரு காகித உறை. பழைய படங்கள். நீங்கள் இரண்டு பேரும் டெட்ராய்ட் போனீர்களே, பேஸ்பால் பார்க்க, கார் பார்க்க, ஐம்பத்து நாலில், அந்த சனி ஞாயிறு. எடுத்து எடுத்துப் பார்த்து ஓரமெல்லாம் துணி மாதிரி ஆகிவிட்டது. எனக்கு இப்படி ஒரு உறை இருப்பதே தெரியாது. உனக்கு வேண்டுமா?

உன் அக்கா,
ஹெல்மி


சாக்ரமெண்டோ, கலிபோர்னியா.
1988 மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பூ கறுத்துப்போனதற்கு வருத்தம்.

படங்கள் எனக்கு வேண்டாம். மே மாதம் வருவதாக வாக்குக் கொடுக்கவும் முடியாது. நீ கோபப்படுவாய், தெரியும். அந்தப் பயணம் முடிந்து ஒரு மாதத்தில் என்னைப் பஸ்ஸில் ஏற்றி டெட்ராய்ட்டுக்கு, ஒஸ்கார் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பியவர் அவர். எனக்கு வயது பதிமூன்று. பஸ் கிளம்பும்வரை நிற்கக்கூட இல்லை, திரும்பி நடந்துவிட்டார். அதற்குப் பிறகு அம்மா சாவுக்கு வந்தேன், கை கொடுத்தார். அந்நியனுக்குக் கொடுக்கிற மாதிரி. "வா" என்று ஒரு வரி எழுதியதில்லை. இப்போது முதல் மண்ணைப் போட மட்டும் நான் வேண்டுமா?

உன்னை நோகடிக்க எழுதவில்லை. இத்தனை வருஷம் அவரைச் சுமந்தது நீதான். மண் போடுகிற உரிமையும் உனக்குத்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் படங்களில் என்ன இருக்கிறது?

தம்பி,
ரெய்னோ


சாலோ, 1988 ஏப்ரல் 9

அன்புத் தம்பி ரெய்னோவுக்கு,

வேண்டாம் என்கிறாய், என்ன இருக்கிறது என்றும் கேட்கிறாய். சின்ன வயசிலும் இப்படித்தான். "பசிக்கல" என்று சொல்லிவிட்டு என் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

இங்கே பனி உருக ஆரம்பித்திருக்கிறது. கூரையிலிருந்து நாளெல்லாம் சொட்டுகிறது. பேஸ்பாலும் தொடங்கிவிட்டது. பழக்கத்தில் அடுப்படி ரேடியோவைப் போட்டுவிட்டேன். அப்பா அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆட்டமும் கேட்பார். யாராவது ஓங்கி அடித்துவிட்டால், "ரெய்னோ இத கேட்டிருப்பான்" என்பார். "அப்பா, கலிபோர்னியாவுக்கு இந்த ரேடியோ எட்டாது" என்பேன். "ஒனக்கு என்ன தெரியும்" என்பார். வருஷா வருஷம் இதே பேச்சுதான். நிறுத்திவிட்டேன் ரேடியோவை.

படங்களைச் சொல்கிறேன். முதல் படத்தில் மைதானத்து வாசலில் நீ, வேர்க்கடலைப் பொட்டலத்தோடு. வாய் நிறையக் கடலை. இன்னொன்றில் பச்சைப் புல், எறும்பு மாதிரி ஆட்டக்காரர்கள். யார் யாரென்று தெரியாது. ஒஸ்கார் சித்தப்பா தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கோமாளித்தனம் பண்ணுகிற ஒன்று. அதில் நீ சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, இந்த வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதெல்லாம் சனிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் கார்க் கண்காட்சியில் எடுத்தவை. அதில்தான் எனக்குப் புரியாதது இருக்கிறது. ஒன்றில்கூட உன் முகம் இல்லை. எல்லாம் முதுகு. கார்களுக்கு நடுவில் நீ முன்னால் நடந்து போகிறாய், பின்னாலிருந்து எடுத்திருக்கிறார். "திரும்புடா" என்று சொல்ல மாட்டாரா ஒரு மனுஷன்? பாதிரியாரிடம் இரவல் வாங்கின கேமரா, பிலிமை வீணாக்குவாரா?

பக்கத்து வீட்டு லெம்பி பூதக்கண்ணாடி எடுத்து வந்தாள். கடைசிப் படத்தில் ஒரு வெள்ளைக் கார், அதன் சக்கரத்தின் நடுவில் பளபளப்பான வீல் கப். லெம்பிதான் பார்த்தாள். "அடியே, இதுக்குள்ள ஒங்கப்பன் இருக்காருடி!" என்றாள். ஆமாம். வீல் கப்புக்குள் குட்டியாக, வளைந்து, அப்பா. ஒரு கையில் கேமரா. மற்றக் கை முகத்துக்குக் கிட்டே. கண்ணைத் துடைக்கிறாரா, தொப்பியைச் சரிபண்ணுகிறாரா, தெரியவில்லை. லெம்பி தொப்பி என்கிறாள். அந்தப் படத்தில் அவர் தலையில் தொப்பியே இல்லை.

அன்றைக்கு என்ன நடந்தது ரெய்னோ? அவரிடம் கேட்டிருக்கிறேன். "கார் பாத்தோம்" என்பார், அவ்வளவுதான்.

அந்த உறைக்குள் என் படம் ஒன்றும் இல்லை. அம்மா படமும் இல்லை. குத்திக்காட்டவில்லை. இல்லை என்று சொல்கிறேன்.

குழி மே மாதம் மூன்றாம் வாரத்தில் வெட்டலாம் என்கிறான் ஆர்விட்.

உன் அக்கா,
ஹெல்மி


சாக்ரமெண்டோ.
1988 ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறேன். மார்லா கேட்டாள், "யார் எழுதின காதல் கடிதம்?" என்று. "வீல் கப் எழுதினது" என்றேன். பிறகு அவளிடம் எல்லாம் சொன்னேன். கல்யாணம் ஆனதிலிருந்து இதை அவளிடமும் சொன்னதில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஞாயிறு காலை, கண்காட்சி வாசல். எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது. முந்தின நாள் மைதானம், அந்தச் சத்தம், அந்த வெளிச்சம், இப்போது கார்கள். சிவப்புத் தூசி இல்லாத ஊர். யாரும் இருமாத ஊர். அப்பா என் தோளில் கை வைத்தார். "ரெய்னோ, நீ இங்க சித்தப்பா வீட்ல இருந்துக்கறியா, இல்ல..." என்று ஆரம்பித்தார்.

நான் "சரி!" என்று கத்திவிட்டேன். அவர் முடிக்கவில்லை. "இப்பவே இருந்துக்கறேன்பா!" என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

அவர் தோளிலிருந்து கையை எடுத்தது தெரியும். முகத்தை நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பேசவில்லை, ஊர் வந்து சேரும்வரை. என்னை அனுப்ப முன்னாலேயே முடிவு செய்துவிட்டார், அதைத்தான் சொன்னார், என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த "இல்ல"வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று உன் கடிதம் வந்த பிறகுதான் யோசித்தேன்.

வருகிறேன் அக்கா. காரிலேயே வருகிறேன். மார்லா வர முடியாது, நான் மட்டும். தேதி எழுது. மண் நான் போடுகிறேன்.

தம்பி,
ரெய்னோ


சாலோ, 1988 மே 8

அன்புத் தம்பி ரெய்னோவுக்கு,

நீ வருகிறாய் என்று படித்ததும் லெம்பி வீட்டுக்கு ஓடினேன், செருப்புக்கூடப் போடாமல். "அம்பத்து மூணு வயசுல குமரி மாதிரி ஓடி வராளே" என்று அவள் புருஷன் கேலி பண்ணினான். பண்ணட்டும்.

தேதி மே 21, சனிக்கிழமை, காலை பதினோரு மணி. சனிக்கிழமை என்பதால் நீராவிக் குளியலுக்கும் விறகு அடுக்கிவிட்டேன். கறியும் கிழங்கும் மாவுக்குள் வைத்துச் சுடுகிற பாஸ்டி செய்கிறேன், உனக்குப் பிடித்த மாதிரி டர்னிப் போடாமல்.

அந்த "இல்ல"வுக்குப் பின்னால் என்ன என்று கேட்கிறாய். எனக்குத் தெரியும் ரெய்னோ. உன் கடிதத்தைப் படிக்கும்வரை எனக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. இதை எழுதுவதா வேண்டாமா என்று பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். சொல்லாமல் உன் பக்கத்தில் நின்று மண் போட என்னால் ஆகாது.

நீங்கள் டெட்ராய்ட் கிளம்பின அன்றைக்கு அம்மா படுக்கையிலிருந்தே என்னைக் கூப்பிட்டாள். "சன்னல் திரையெல்லாம் கழட்டித் தொவைடி. அந்த ஊர்ல சன்னல் என்ன அளவோ, போய் வெட்டிக்கலாம்" என்றாள். ஒஸ்கார் சித்தப்பா கார் ஃபாக்டரியில் அப்பாவுக்கு வேலை பேசி வைத்திருந்தார். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் அம்மாவின் நெஞ்சுக்கு வைத்தியம் உண்டு. பெரியவர்களுக்கு மாலைப் பள்ளிக்கூடமும் இருக்கிறது, ஹெல்மி போகலாம் என்று எழுதியிருந்தார். அம்மா அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டினாள். "பையனுக்குப் பிடிச்சா எல்லாரும் போயிடலாம்னு ஒங்கப்பா சொன்னாரு" என்றாள்.

நான் எல்லாத் திரையையும் துவைத்தேன். காயவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, பெட்டியில் வைத்தேன். பாட்டுப் பாடிக்கொண்டே செய்தேன்.

திங்கட்கிழமை நீங்கள் வந்தீர்கள். அப்பா வெற்றுச் சன்னல்களைப் பார்த்தார். "தெரைய மாட்டு" என்றார். நான் மாட்டினேன். ஏன் என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நம் வீட்டில் யார்தான் எதைக் கேட்டோம்?

இப்போது புரிகிறது. பையன் தங்களை விட்டுப் போகத் துடிக்கிறான் என்று நினைத்துவிட்டார் மனுஷன். அவன் விருப்பப்படி அவனை அனுப்பினார். தான் மறுபடி சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டார்.

உன்மேல் தப்பில்லை. பதிமூணு வயசுப் பையன் சந்தோஷத்தில் சொன்ன ஒரு சொல். அவர்தான் முடித்திருக்கணும் தன் கேள்வியை. உன்னையாவது கேட்டார் ரெய்னோ. என்னை யாரும் கேட்கவில்லை.

எப்படியும் வா.

உன் அக்கா,
ஹெல்மி


சாலோ, 1988 மே 24

ரெய்னோவுக்கு,

அப்பாவைப் புதைத்துவிட்டோம்.

வெயில் நன்றாக இருந்தது. பதினோரு மணி ஆனது, பாதிரியார் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கொஞ்சம் இருங்க ஐயா, தம்பி வருவான்" என்றேன். நின்றார்கள். ஆர்விட் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "நாலு மாசம் இருந்தவருக்கு இன்னும் நாலு நிமிஷம் ஒண்ணும் ஆகாது" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே, பிர்ச் மரங்களுக்குக் கீழே ஒரு நீலக் கார். கலிபோர்னியா நம்பர் பலகை. லெம்பி, "யாரோ வழி தப்பி வந்து நிக்கிறாங்க போல" என்றாள். ஆமாம் என்றேன்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஆள். ஒரு கை முகத்துக்குக் கிட்டே இருந்தது. துடைத்தாயா, வெயிலுக்கு மறைத்தாயா, அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. எனக்குக் கையைத் தூக்கத் தோன்றியது. தூக்கியிருந்தால் நீ இறங்கியிருப்பாயோ, அடுத்த நொடி ஓட்டிக்கொண்டு போயிருப்பாயோ. இரண்டுக்கும் பயந்து நின்றேன். கார்க் கதவு திறக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதிரியார் மெதுவாக, "ஹெல்மி" என்றார்.

முதல் மண்ணை நான் போட்டேன். மண் இளகிக் கிடந்தது. ஒரு வெட்டில் வந்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தபோது கார் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. உன் காரின் பின்பக்கம்தான் தெரிந்தது. அப்பா ஏன் அத்தனை படத்தையும் முதுகாக எடுத்தார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. திரும்பு என்று அவரால் சொல்ல முடியவில்லை. எனக்கும் அதே வாய்தான்.

சன்னல் திரை விஷயத்தை எழுதாமல் இருந்திருந்தால் நீ இறங்கி வந்திருப்பாய். தெரிகிறது. எழுதினதற்கு வருத்தப்பட முயற்சி பண்ணிப் பார்த்தேன், வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் நான் சுமந்தது என்னவென்றே தெரியாமல் சுமந்திருக்கிறேன். ஒரு தடவை இறக்கி வைத்தேன். உன்னால் அதைத் தூக்க முடியவில்லை. அதற்கு உன்னைத் திட்டவும் எனக்கு வரவில்லை.

பாஸ்டியை ஆர்விட் சாப்பிட்டான். "டர்னிப் இல்லையே" என்று குறை சொன்னான். சாயங்காலம்வரை நீராவிக் குளியலறை சூடாகவே இருந்தது. யாரும் குளிக்கவில்லை.

படங்களைப் பெட்டியின்மேல் வைத்து அப்பாவோடு அனுப்பிவிட்டேன். வீல் கப் படத்தை மட்டும் இதில் வைத்திருக்கிறேன். அவர் முகம் அதில்தான் இருக்கிறது. நீ அன்றைக்குப் பார்க்காமல் ஓடின முகம். உன்னிடம் இருப்பதுதான் சரி. லெம்பியின் பூதக்கண்ணாடி போல ஒன்று வாங்கிக்கொள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினால் நான் பிரிப்பேன், படிப்பேன், மறுபடி காத்திருக்க ஆரம்பித்துவிடுவேன்.

நேற்று திரைகளையெல்லாம் கழற்றித் துவைத்தேன். இஸ்திரி போட்டு, மடித்து, பெட்டியில் வைத்திருக்கிறேன். போக ஓரிடமும் இல்லை. சன்னல்கள் வெறுமையாக இருக்கின்றன. மாட்டு என்று சொல்ல ஆளில்லை.

ஹெல்மி