சாமைக்காட்டு மேல்மண்

ஆடி, வெள்ளிக்கிழமை.

இன்று கல்குழி மேட்டில் நின்றவர்கள்: குவாரி மேஸ்திரி தேவசகாயம், ஊர் நாட்டாண்மை வெள்ளையன், என் மகன் சின்னாண்டி, நான்.

கல் எடுத்து முடித்ததும் குழியை மூடி, மேலே பரப்பிச் சாமை விதைக்கத் தருவதாகச் சொல்லித்தான் என் காட்டு மேல்மண்ணைத் தனியாகக் குவித்திருந்தார்கள். மழையில் லாரிப்பாதை சேறாகிவிட்டதாம். இன்று அந்த மண்ணையே பாதையில் கொட்டிவிட்டார்கள்.

"இனிமே குழி மேல இன்னாத்தடா பரப்புவ?" என்று கேட்டேன்.

"கல்லுத்தூள் கீதுங்க ஆயா" என்றான் மேஸ்திரி.

"அதுல சாமை மொளைக்குமா? மொளைச்சா உன் வூட்டுக்கே கஞ்சி காச்சிக்க."

நாட்டாண்மை தலையைக் குனிந்துகொண்டார். அவர் பயந்தவர், போகட்டும். மேஸ்திரி மலைக்குக் கீழேயிருந்து வந்த கீழ்நாட்டான், நம் மண் அவனுக்கு வெறும் மண். ஆனால் அதை ஏற்றிப்போனது என் வண்டி, என் மாடுகள். ஓட்டியவன், அந்தக் குவியலுக்கு நான் காவல் வைத்திருந்தவன். சாகும்வரை மன்னிக்க மாட்டேன், சின்னாண்டியை.