காலின் மேல் போட்ட பழி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அப்பா சுகம்தான். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, செய்தித்தாளில் காணாமல்போன நாய்களின் விளம்பரம்வரை விடாமல் படித்து, எங்களையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டுகிறார். சுகமில்லாதது நான்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை.

'கீபோர்டை யாருக்காவது குடுத்துடுக்கா, இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் என்ன வாசிக்கப் போறேன்' என்று எழுதியிருந்தாய். பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம் என்று பாட்டு டீச்சரை வரச் சொன்னேன். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தேன். நீ சேமித்து வைத்திருந்த, பியானோவும் வயலினும் சேர்ந்த சத்தத்தை டீச்சர் போட்டு, ஒலியை நீட்டிக்கிற பெடலைக் காலால் மிதித்தபடி மூன்று மூன்று கட்டைகளாக மாற்றி மாற்றி வாசித்தார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே இரைச்சல். 'வயலினுக்கு யாருங்க பெடலைப் போட்டு விட்டது? பியானோ தானா அடங்கிடும். வயலின் காலை எடுக்குற வரைக்கும் அடங்காதே' என்றார். ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி மாற்றிவிட்டு மறுபடியும் வாசித்தார். அதே விரல், அதே கால், சத்தம் மட்டும் தெளிந்துவிட்டது. அடுப்பைப் பார்க்கிற சாக்கில் நான் உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

யார் போட்டது என்று எனக்குத் தெரியும், தம்பி. நான்தான்.

விபத்துக்குப் பிறகு உன் வலது கணுக்கால் சட்டென்று அசையாது. அதற்கு நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். பெடல் பியானோவுக்கு மட்டும். வயலின் விரலை எடுத்ததும் நின்றுவிட வேண்டும். அப்படி வைத்தால் விரல் மாறும்போதெல்லாம் காலைத் தூக்க வேண்டாம், பாட்டில் வரிக்கு ஒரு தடவை தூக்கினால் போதும். எட்டு மாதம் விடாமல் பழகினாய். பக்கத்து வீட்டுக்காரர்கூட அந்தப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார், அதுவும் சுருதி இல்லாமல்.

நான் பாட நீ வாசித்த அந்தக் கல்யாண வரவேற்பு நிகழ்ச்சி அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. உச்சத்துக்குப் போனால் குரல் பிசிறும் என்று பயம். அடியில் வயலின் கனமாக நிரம்பி நின்றால் பிசிறு வெளியே தெரியாது என்று நினைத்து, நீ சட்டை மாற்றப் போயிருந்தபோது வயலினுக்கும் பெடலைப் போட்டுச் சேமித்துவிட்டேன். சொன்னால் விடமாட்டாய் என்று உன்னிடம் சொல்லவில்லை. முதல் சரணத்திலேயே எல்லாம் கலங்கிப் போனது. உனக்கு வியர்த்துக் கொட்டியது. குனிந்து குனிந்து உன் காலையே பார்த்தாய். நம் பாட்டுக் குழுத்தலைவர் எல்லோர் முன்னாலும், 'கால் ஒத்துழைக்கலேன்னா வீட்டுலயே இருக்க வேண்டியதுதானே' என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

அதோடு விட்டேனா? வண்டியில் திரும்பும்போது, 'காலைத் தூக்க மறந்துட்டியாடா?' என்று வேறு கேட்டேன். 'தூக்கினேன்னுதான்கா நெனச்சேன்' என்றாய். அதன் பிறகு நீ கீபோர்டைத் தொடவில்லை. கால் பயிற்சியையும் விட்டாய். கிடங்கு வேலை என்று அவ்வளவு தூரம் போய்விட்டாய். இரண்டு வருடமாக நான் இங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மேடையேறிப் பாடி, சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நேற்று குழுத்தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பாவிடமும் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாதக் கடைசியில் டீச்சர் கீபோர்டை எடுத்துப் போக வருகிறார். அதற்குள் 'கொடுக்காதே' என்று ஒரு வார்த்தை எழுது. மன்னித்தேன் என்று எழுத வேண்டாம், அதைக் கேட்கிற முகம் எனக்கு இல்லை. இனி என்னோடு பேசவே வேண்டாம் என்று தோன்றினாலும் சரி. ஆனால் உன் காலைத் திட்டாதே, தம்பி. அன்று எழ வேண்டிய இடத்திலெல்லாம் அது சரியாகத்தான் எழுந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா