சரளை மேட்டுப் பதினான்கு செடிகள்

றக்வான,
2025 ஜூன் 3

அன்புள்ள ரோசலினுக்கு,

கர்த்தர் உன்னைக் கேகாலையிலும் சுகமாக வைத்திருக்கட்டும். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். "எழுதுங்க, அப்பத்தான் குறுக்கே பேச மாட்டீங்க" என்றாயே, எழுதுகிறேன்.

நீ கோபித்துக்கொண்டு நாற்று வளர்க்கும் தவறணை வேலைக்குப் போனதிலிருந்து, நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் சரளை மேட்டில் நீ கண்டுபிடித்த பதினான்கு ஊதாப்பூச் செடிகளையும் நான்தான் பார்க்கிறேன். மெலிந்து கிடந்தன. தேயிலையை வெட்டிவிடும் கவ்வாத்து முடிந்து, மண்ணின் புளிப்பைக் குறைக்க மலைக்கு டொலமைட் தூள் போட்டோம். மிச்சத்தை அங்கேயும் தூவினேன். மாட்டெருவும் வைத்தேன். நீ பார்த்தால் சந்தோஷப்படுவாய் என்றுதான். ஒன்பது கருகிவிட்டன. இலுக்குப் புல் மட்டும் முழங்கால் உயரம் நிற்கிறது. இந்த அரிய செடியை ஆராயும் யும்னா மிஸ், கெம்பஸிலிருந்து அவற்றை எண்ண வருகிறார். என்ன செய்யட்டும், சொல்லு.

சாள்ஸ்

கேகாலை,
ஜூன் 10

சாள்ஸ் மச்சானுக்கு,

படித்ததும் அழுதேன். பிறகு சிரிப்பும் வந்தது. நீங்கள் வேறு என்ன செய்வீர்கள்!

இலுக்கு எந்த மண்ணையும் தாங்கும். இந்தச் செடிக்குப் புளித்த, சத்தில்லாத சரளைதான் வேண்டும். அதனால்தான் வேறெங்கும் அதைக் காணோம். அது மெலிந்து கிடக்கவில்லை மச்சான், அதன் உடம்பே அவ்வளவுதான். எருவை வழித்தெடுங்கள். இலுக்கைப் பிடுங்கினால் செடியின் வேரும் சேர்ந்து வரும், அறுத்து விடுங்கள். டொலமைட்டை மழை மெல்ல மெல்லக் கரைக்கும். மிஸ்ஸிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பாலர் பாடசாலையில் எனக்கு வேலை கிடைத்தபோது, "பஸ்ஸில அலைஞ்சு மெலிஞ்சு போவா" என்று என்னைக் கேட்காமலே அவர்களிடம் வேண்டாம் என்றீர்களே, அதையும் செய்தது இதே கைதான்.

ரோசலின்

றக்வான,
செப்டம்பர் 15

அன்புள்ள ரோசலினுக்கு,

மிச்சமிருந்த ஐந்தும் நிற்கின்றன. பக்கத்தில் நகக்கண் அளவில் மூன்று குஞ்சுகள் முளைத்திருக்கின்றன. மிஸ்ஸிடம் சொன்னேன். நன்றாகத் திட்டினார், பிறகு தேத்தண்ணி குடித்தார்.

மேட்டைக் கவனிக்கச் சம்பளத்துக்கு ஆள் தேவையாம். "ரோசலின் வருவாங்களா?" என்றார். பதில் வாய்வரை வந்தது. "அவகிட்ட கேட்டுத்தான் சொல்லணும் மிஸ்" என்றேன். அதுதான் கேட்கிறேன். வருவாயா? நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை.

சாள்ஸ்

கேகாலை,
செப்டம்பர் 22

மச்சானுக்கு,

மிஸ்ஸுக்கு நானே போன் பண்ணிச் சம்மதம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறேன். ஸ்டேண்டுக்கு வராதீர்கள், என் பையை நானே தூக்குவேன்.

வந்ததும் முதலில் மேட்டைத்தான் பார்ப்பேன். எட்டும் இருந்தால், அப்புறம் உங்களை.

ரோசலின்