முகம் மட்டும் மறைத்தேன்

அன்புள்ள அம்மாவுக்கு மதுவந்தியின் நமஸ்காரம். முட்டுவலி தேவலையா? நான் சௌக்கியம்.

தை மாதம் நீ பவானிபூர் வந்திருந்தபோது, தன் பூந்தொட்டியில் இரண்டு பூப் பறித்ததற்காக உன்னைத் திருடி என்று தெருவைக் கூட்டினாரே, வீட்டுக்காரர் மித்ரா காக்கு, அவர் விடியற்காலையில் எதிர்வீட்டுச் செம்பருத்தியைப் பறித்தது கேமராவில் பதிந்து எங்கள் சேனலுக்கு வந்தது. முகத்தை மங்கலாக்குவது என் வேலை. விதிப்படி முகத்தை மட்டும் மங்கலாக்கினேன். பங்குனி வரை அவர் கழற்றாத சிவப்பு மங்கி குல்லாவைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

"முகமே தெரியலையே, எல்லாரும் எப்படிம்மா கண்டுபிடிச்சாங்க?" என்றார், ஒளிபரப்பான மறுநாள்.

"எனக்கும் அதான் புரியலை, காக்கு."

ரசப்பொடி கொஞ்சமாக அனுப்பு. ஒருத்திக்கு எவ்வளவு வேண்டும்? முடிந்தால் நீயே கொண்டு வா. ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

பூக்கூடையையும் எடுத்து வா, அம்மா. அதே தொட்டியில் நிதானமாகப் பறிக்கலாம். அவர் ஜன்னலைத் திறக்கமாட்டார்.

மது