அப்பா கேட்டு வாங்கிய பம்ப்

பனிச்சங்கேணி
12.07.2010

அன்புள்ள மகன் சுதாகரனுக்கு,

நானும் அப்பாவும் தங்கச்சியும் நல்ல சுகம். அந்த வெளிநாட்டு வெயிலுக்குள் வேலை செய்கிற உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாதென்று பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தங்கச்சி சோதனைக்குப் படிக்கிறாள், கணக்குத்தான் கொஞ்சம் பயம் என்கிறாள். போனில் சொன்னால் நீ அங்கே கிடந்து கவலைப்படுவாய் என்றுதான் பம்ப் கதையை இதுவரை சொல்லவில்லை, இப்போது நல்லபடி முடிந்துவிட்டது, சொல்கிறேன்.

நீ அனுப்பிய காசில் மட்டக்களப்பில் வாங்கிய தண்ணீர் பம்ப் ஒரு கிழமைகூட ஓடவில்லை. தோட்டத்துக் கச்சான் கடலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போதே கரகரவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. அப்பா அதைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார், நானும் போனேன். முதலாளி அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நீங்க மண்ணுக்குள்ள போட்டு இழுத்திருப்பீங்க, வித்த சாமான் திருப்பி எடுக்கிறல்ல, பில்லுல போட்டிருக்குத்தானே என்று சொல்லிவிட்டு மற்ற ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அப்பா சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். பஸ்ஸில் வரும்போது, எவ்வளவோ போயிற்று புள்ள, இதுவும் போகட்டும் என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. தோணியைக் கடல் கொண்டுபோனது, கடலிட்ட ஆர் போய்க் கேக்கிற, வீடு சண்டையில போனது, அதையும் ஆரிட்டயும் கேக்க ஏலாது, இதுக்குக் கேக்க ஆள் இருக்கு, கேப்பம் என்று பஸ் என்றும் பாராமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் கச்சான் இலை சுருண்டு கிடக்கிறது. மூன்று பேரும் வாளியில் அள்ளி ஊற்றினோம், பாதிக்குத்தான் எட்டியது. அடுத்த கிழமை, சாமான் வாங்கி ஏமாந்தவர்களின் முறைப்பாட்டை எடுக்கிற அரசாங்கக் கந்தோருக்குப் போனோம். அங்கே ஆர்த்திகா என்று ஒரு அதிகாரி, உன் வயதுதான் இருக்கும். வாசலில் நின்ற அப்பாவை உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, நடந்தத நீங்களே சொல்லுங்க ஐயா என்றாள். சோதனைச்சாவடிகளில் பதில் சொல்லிச் சொல்லி, கந்தோர் என்றாலே கைகட்டி நிற்கிற மனுசன், முதலில் தடுமாறினார், பிறகு ஒன்றும் விடாமல் சொன்னார். பில்லில் என்ன எழுதியிருந்தாலும் சாமான் பழுதென்றால் விற்றவர்தான் பொறுப்பு என்று சொல்லி, எங்களையும் கூட்டிக்கொண்டு அந்தப் பிள்ளை கடைக்கே வந்தாள். முதலாளியின் ஆளே கழற்றிப் பார்க்க, உள்ளே சுற்றுகிற விசிறி வெடித்துப் பிளந்திருந்தது, ஒரு பொட்டு மண் இல்லை. ஒட்டித் தாறன் என்றார் முதலாளி. ஒட்டின சாமான் வேணாம், நான் புதுசுக்குத்தான் காசு தந்த, புதுசு தாங்க என்றார் அப்பா. நம் அப்பாதான் மகன்! சத்தம்கூடப் போடவில்லை. முதலாளி ஆர்த்திகாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு புதுப் பம்பை எடுத்து வைத்தார். அதைப் பீப்பாய்த் தண்ணீரில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அப்பா தூக்கினார்.

ஓரத்துக் கச்சான் கொஞ்சம் கருகித்தான் போனது, மற்றதெல்லாம் பூத்து நிற்கிறது. பக்கத்து வளவு தங்கராசா வாங்கிய புதுச் சைக்கிளில் பிரேக் பிடிக்கவில்லையாம், பில் இருக்கா, வாங்க போவம் என்று அப்பா காலையிலேயே அவரோடு புறப்பட்டுப் போய்விட்டார்.

வேளைக்குச் சாப்பிடு, தலையில் துணி போடாமல் வெயிலில் இறங்காதே. நீ வாங்கிய போன் பழுதென்று சொல்லி, விடுங்கம்மா என்றாயே, விடாதே மகன், கொண்டுபோய்க் கேள். அப்பாவும் இதையே எழுதச் சொன்னார்.

நீ எங்கே நின்றாலும் நிமிர்ந்து நிற்கவேண்டும் என்று வாழ்த்தும்
உன் அம்மா
பூரணவதி வல்லிபுரம்